பாதிக் கால்வாய் பிழைத்தது, ஊர் பிழைக்குமா?

வீட்டில் ஒரு பழைய மரப்பெட்டி கிடக்கிறது. பாட்டி காலத்துப் பெட்டி. உள்ளே ஒன்றும் இல்லை. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

"உடைத்து விறகாக்கிவிடலாம்" என்கிறார் வீட்டுக்காரர்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்கிறாள் மனைவி.

"எதற்காக இருக்கவேண்டும்?" என்று அவர் கேட்கிறார். அவளுக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

இதே சண்டை ஓர் ஊரிலே நடந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பத்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது! அங்கே சண்டை பெட்டிக்காக அல்ல. ஒரு கால்வாய்க்காகவும், அதன் கரையில் நின்ற பழைய கிட்டங்கிகளுக்காகவும் நடந்தது.

அந்தச் சண்டை இன்னும் முற்றிலும் ஓயவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு மறுபடியும் தலைதூக்கியது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

பனி கொட்டும் ஊர்

ஜப்பான் நாட்டின் வடக்கே உள்ள பெரிய தீவு ஹொக்கைடோ. அந்தத் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது ஒட்டாரு துறைமுகம். பின்னால் மலை. முன்னால் கடல். இரண்டுக்கும் நடுவே குறுகலான நிலம். அதிலேதான் ஊர்.

மழைகாலத்தில் நம் ஊரில் மழை கொட்டுவது போல, குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்துவிடும். அதை வாரித் தள்ளினால்தான் வெளியே வரமுடியும்.

அந்தத் தீவின் பழங்குடி மக்களுக்கு 'ஐனு' என்று பெயர். ஒட்டாரு என்ற பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். மணற்கரையில் ஓடும் ஆறு என்பது அதன் பொருள்.

1880-ம் ஆண்டில் அங்கே ரெயில் வந்தது. ஹொக்கைடோவின் முதல் ரெயில் அது. ஒட்டாரு துறைமுகத்துக்கும் சப்போரோ நகருக்கும் இடையே ஓடியது. 1882-ல் அந்தப் பாதை நிலக்கரிச் சுரங்கம் வரை நீண்டது. சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி ரெயிலில் வந்தது. ஒட்டாருவில் கப்பல் ஏறியது.

மீன் கொடுத்த பணம்

நிலக்கரிக்கு முன்பே அந்த ஊருக்குச் சோறு போட்டது மீன். ஹெர்ரிங் என்பது அதன் பெயர். நம் மத்தி மீனுக்கு அது நெருங்கிய உறவு.

வசந்த காலம் வந்தால் ஹெர்ரிங் மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையை நோக்கி வரும். 1897-ம் ஆண்டில் ஹொக்கைடோ முழுவதும் பிடிபட்ட ஹெர்ரிங் சுமார் 9 லட்சத்து 70 ஆயிரம் டன்!

இவ்வளவு மீனையும் யார் சாப்பிட்டார்கள்? எல்லாவற்றையும் சாப்பிடவில்லை. பெரும்பகுதியைக் கொப்பரையில் போட்டு வேகவைத்தார்கள். பிழிந்து எண்ணெய் எடுத்தார்கள். மிஞ்சிய சக்கையைக் காயவைத்து உரமாக்கினார்கள். தெற்கே இருந்த பருத்தி வயல்களுக்கும் அவுரி வயல்களுக்கும் அந்த உரம் போனது.

உரத்தைக் கொண்டுபோன கப்பல்கள் வெறுமனே திரும்பவில்லை. அரிசி, உப்பு, துணி, வைக்கோல் கயிறு எல்லாம் கொண்டுவந்தன. கப்பல்காரர்களே வியாபாரிகள். ஓரிடத்தில் மலிவாக வாங்கினார்கள். இன்னோர் இடத்தில் நல்ல விலைக்கு விற்றார்கள்.

விலை ஏறும்வரை சரக்கைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டாமா? அதற்காகத்தான் கிட்டங்கிகள் எழுந்தன.

1890-ம் ஆண்டிலிருந்து 1894 வரை அங்கே ஒரு பெரிய கிட்டங்கி கட்டப்பட்டது. கட்டியவர்கள் தெற்கேயிருந்து வந்த கப்பல் வியாபாரிகள். அதன் கூரையின் நுனியில், வாலைத் தூக்கி நிற்கும் மீன் உருவத்தை வைத்தார்கள். தீயை விரட்டும் காவல் மீன் என்பது அவர்கள் நம்பிக்கை.

நம்பிக்கையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தீயைத் தடுக்கக் கல்லையும் வைத்தார்கள்!

உள்ளே மரம், வெளியே கல்

ஒட்டாரு கிட்டங்கிகளின் கட்டுமானம் விநோதமானது. முதலில் மரத்தால் எலும்புக்கூடு போலத் தூணும் விட்டமும் நிறுத்துவார்கள். கூரையைத் தாங்குவது அதுதான். பிறகு, வெளிப்புறத்தில் கல்லை அடுக்கிச் சட்டை போட்டது போல மூடிவிடுவார்கள்.

அந்தக் கல் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது. அந்த வட்டாரத்திலேயே கிடைத்தது. மிருதுவானது, வெட்டுவது சுலபம். தீயும் சீக்கிரம் அண்டாது. 1904-ம் ஆண்டில் ஒட்டாருவில் பெரும் தீ விபத்து ஏற்பட்டது. மரவீடுகள் நிறைந்த ஊரில் கல்லின் அருமை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடலை ஒதுக்கிய கால்வாய்

சரக்கு பெருகியது. ஆனால் ஒரு சங்கடம். பெரிய கப்பல்களால் கரைக்கு வரமுடியாது. அவை தள்ளி நிற்கும். சிறிய படகுகள் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு கரைக்கு வரும். கரையில் கூலியாட்கள் முதுகில் சுமந்து கிட்டங்கியில் சேர்ப்பார்கள்.

படகே கிட்டங்கி வாசலுக்கு வந்துவிட்டால்? அதற்காகத்தான் கால்வாய்.

கால்வாய் என்றதும் மண்ணைத் தோண்டி வெட்டியது என்று நினைக்கவேண்டாம். கரைக்கு முன்னால், கடலுக்குள் மண்ணைக் கொட்டிப் புதிய நிலம் உண்டாக்கினார்கள். பழைய கரைக்கும் புதிய நிலத்துக்கும் நடுவே தண்ணீரை விட்டுவைத்தார்கள். அதுவே கால்வாய்! அதனால்தான் அது நேராக இல்லாமல் கரையைப் போல வளைந்து போகிறது.

வேலை 1914-ல் தொடங்கியது, 1923-ல் முடிந்தது. அகலம் 40 மீட்டர். அதாவது சுமார் 130 அடி. நீளம் ஒரு கிலோ மீட்டருக்கு மேல்.

அப்போது ஒட்டாரு செல்வம் கொழித்த ஊர். ஒரே வட்டாரத்தில் இருபதுக்கு மேற்பட்ட பாங்கிகள் இருந்தன. அமெரிக்காவின் பணச்சந்தையான வால் தெருவோடு ஒப்பிட்டு, 'வடக்கத்தி வால் தெரு' என்றே அதை அழைத்தார்கள்.

ஈ ஓட்டிய கிட்டங்கிகள்

வாழ்ந்த ஊர் எப்படித் தாழ்ந்தது? ஒரு காரணம் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து அடிகள் விழுந்தன.

முதல் அடி, யுத்தம். வடக்கே உள்ள சகாலின் தீவின் தென்பாதி ஜப்பானிடம் இருந்தது. அந்தத் தீவோடு நடந்த வியாபாரம் ஒட்டாருவுக்குப் பெரிய வருமானம். 1945-ல் ஜப்பான் தோற்றது. தீவும் போனது, வியாபாரமும் போனது.

இரண்டாவது அடி, மீன். 1950-களின் நடுவில் ஹெர்ரிங் கூட்டம் வருவது அநேகமாக நின்றே போய்விட்டது.

மூன்றாவது அடி, எண்ணெய். அடுப்பிலும் ஆலையிலும் நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தது. சுரங்கங்கள் நலிந்தன.

நான்காவது அடி, புதிய துறைமுகம். ஹொக்கைடோவின் தென்புறத்தில், டொமகோமாய் என்ற இடத்தில் 1963-ல் பெரிய துறைமுகம் திறக்கப்பட்டது. சரக்குகள் அந்தப் பக்கம் திரும்பின.

ஐந்தாவது அடி, ஒட்டாருவிலேயே கட்டிய புதிய கப்பல் மேடைகள். கப்பல்கள் நேராக அங்கே வந்து நின்றன. இடையிலே படகு எதற்கு? கால்வாய்க்கு வேலை போய்விட்டது.

வேலை போனால் மனிதனே சோர்ந்துவிடுகிறான். கால்வாய் என்ன செய்யும்? தண்ணீர் தேங்கியது. சேறு அடைத்தது. பழைய படகுகள் அதிலேயே கிடந்து மக்கின. நாற்றம் தாங்காமல் மக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆறு வழி ரோடு

1966-ம் ஆண்டில் நகரசபை ஒரு திட்டம் போட்டது. கால்வாயை மண் போட்டு மூடிவிடுவது. அதன்மேல் ஆறு வழி ரோடு போடுவது. இதுதான் திட்டம்.

திட்டம் போட்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிடமுடியாது. ஊரோ குறுகலானது. லாரிகள் பெருகிவிட்டன. ரோடு இல்லாவிட்டால் துறைமுகத்துக்கு மிச்சமிருக்கும் வியாபாரமும் போய்விடும் என்று அவர்கள் பயந்தார்கள். நாறும் கால்வாயைக் காட்டிலும் நல்ல ரோடு மேல் அல்லவா?

ரோட்டுக்காக முதலில் ஒரு பக்கத்துக் கிட்டங்கிகளை இடித்தார்கள். வரிசையாக நின்ற கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. அதைப் பார்த்தபோதுதான் ஊர்மக்கள் திடுக்கிட்டார்கள். அடுத்தது கால்வாய் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

1973-ல் கால்வாயைக் காக்க ஒரு சங்கம் உண்டாயிற்று. பின்னர் அதன் தலைவராக நின்று பாடுபட்டவர் ஃபூமி மினேயாமா என்ற பெண்மணி. 1914-ல் பிறந்தவர். போராட்டம் சூடுபிடித்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பேரன் பேத்திகளைக் கொஞ்சவேண்டிய வயதிலே, ஊரின் கால்வாய்க்காக வீதியில் இறங்கினார்.

இளைஞர்கள் வேறு வழியில் இறங்கினார்கள். 1978-ல் கால்வாய்க் கரையிலேயே ஒரு திருவிழா நடத்தினார்கள். ஆட்டம், பாட்டு, கடைகள்! மூக்கைப் பிடித்துக்கொண்டு போன மக்கள் அங்கே கூட்டமாக வந்து நின்றார்கள். 'இது சாக்கடை அல்ல. நம் ஊரின் முகம்' என்ற எண்ணம் பலருக்கு அன்றுதான் பிறந்தது.

இங்கேதான் கவனிக்கவேண்டும். "பழையது, அதனால் காப்பாற்று" என்று கூச்சல் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். "பழையதுதான், ஆனால் இன்னும் வேலை செய்யும்" என்று காட்டினால் கேட்பார்கள். இளைஞர்கள் காட்டினார்கள்.

பாதிக்குப் பாதி

பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். நகரசபையில் வாதம், வெளியே ஊர்வலம், சங்கத்துக்குள்ளேயே பிளவு. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது.

கால்வாயின் பெரும்பகுதியில் அகலத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். 40 மீட்டரில் 20 மீட்டர் ரோடாயிற்று. மிச்சம் 20 மீட்டர் தண்ணீராகவே நின்றது. வடகோடியில் மட்டும் பழைய அகலம் அப்படியே தப்பியது.

1986-ல் வேலை முடிந்தது. சேற்றை அகற்றினார்கள். கரையில் நடைபாதை போட்டார்கள். 63 காஸ் விளக்குகளை நட்டார்கள். எதிர்க்கரையில் கிட்டங்கிகள் நின்றன.

ரோடு கேட்டவர்களுக்கு முழு ரோடு கிடைக்கவில்லை. கால்வாய் கேட்டவர்களுக்கு முழுக் கால்வாய் கிடைக்கவில்லை. இரு தரப்பாருக்கும் மனக்குறைதான். ஆனால் அந்தப் பாதிக் கால்வாய்தான் பின்னால் ஊருக்குச் சோறு போட்டது!

இன்று உள்ளே என்ன இருக்கிறது?

உரமும் அரிசியும் அடுக்கியிருந்த கிட்டங்கிகளில் இன்று ஓட்டல்கள் நடக்கின்றன. ஒன்றிலே பீர் காய்ச்சுகிறார்கள். கூரையில் காவல் மீன் வைத்த அந்தப் பழைய கிட்டங்கியின் ஒரு பகுதி இப்போது நகரின் காட்சிசாலை. பாங்கிக் கட்டடங்களுக்கும் புது வாழ்வு வந்தது. 1912-ல் கட்டிய ஜப்பான் பாங்கிக் கிளை 2002-ல் மூடப்பட்டது. மறு ஆண்டே பணத்தின் கதை சொல்லும் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. 1985-ல் நின்றுபோன ரெயில் பாதையும் இப்போது மக்கள் உலாவும் இடம்.

இவற்றிலே ஒரு கடையின் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும்.

ஒட்டாருவில் 1901-ல் ஒரு கண்ணாடிப் பட்டறை தொடங்கியது. மின்சாரம் இல்லாத வீடுகளுக்கு மண்ணெண்ணெய் விளக்குச் செய்தது. வீடுகளில் மின்சாரம் வந்தது, விளக்கு விற்கவில்லை. பட்டறை அழவில்லை. மீன் வலை தண்ணீரில் மிதக்கக் கண்ணாடி உருண்டைகள் தேவை. அவற்றைச் செய்தது. பிறகு மீனும் குறைந்தது. கண்ணாடி உருண்டையின் இடத்தைப் பிளாஸ்டிக்கும் பிடித்தது.

இனி என்ன செய்வது? 1983-ல், கால்வாய்ச் சண்டை உச்சத்தில் இருந்த நேரத்தில், அந்தப் பட்டறைக்காரர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். 1891-ல் கட்டிய ஒரு கல் கிட்டங்கியை எடுத்தார்கள். ஹெர்ரிங் சரக்கு வைத்திருந்த இடம் அது. அதிலே கண்ணாடிச் சாமான் கடை வைத்தார்கள். உள்ளே ஒரு கூடத்தில் 167 மண்ணெண்ணெய் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். தினமும் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது!

விளக்குச் செய்தவர்கள் விளக்கையே காட்டிப் பிழைத்தார்கள். மீன் கிட்டங்கியில், மீனவருக்கு உருண்டை செய்த கை, கண்ணாடிக் கிண்ணம் செய்து விற்கிறது. கட்டடமும் அந்த ஊருடையது. தொழிலும் அந்த ஊருடையது.

கணக்குப் பார்ப்போம்

லாபம் என்ன? கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒட்டாருவுக்கு ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தார்கள். நாறிக் கிடந்த கால்வாயின் முன்னால் நின்று இன்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2012 முதல் கால்வாயில் உல்லாசப் படகும் ஓடுகிறது.

நஷ்டம் என்ன? இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

1960-களில் ஒட்டாருவின் ஜனத்தொகை 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம். ஏறக்குறைய பாதி! வருகிறவர்கள் பெருகினார்கள். வாழ்கிறவர்கள் குறைந்தார்கள்.

ஏன் இப்படி? சப்போரோவிலிருந்து ஒட்டாருவுக்கு ரெயிலில் முக்கால் மணி நேரம் போதும். பலர் காலையில் வருகிறார்கள். கால்வாயைப் பார்க்கிறார்கள். மீன் சாப்பிடுகிறார்கள். மாலையில் சப்போரோவுக்குத் திரும்பி அங்கே தூங்குகிறார்கள். படித்த இளைஞர்களும் வேலை தேடி அதே ரெயிலில் சப்போரோவுக்குப் போகிறார்கள். பயணிகள் போல அவர்கள் திரும்பிப் போவதில்லை, போனவர்கள் போனவர்கள்தான்.

தொல்லையும் உண்டு. கடலைப் பார்த்த ஒரு செங்குத்தான மேட்டுத் தெரு இருக்கிறது. 'கப்பல் காணும் மேடு' என்று அதற்குப் பெயர். படம் எடுப்பதற்காகப் பயணிகள் நடுத்தெருவில் நிற்கிறார்கள். வண்டிகள் போகமுடிவதில்லை. அங்கே காவலுக்கு ஆள் போடவேண்டிய நிலை வந்துவிட்டது.

ஆகவே, கிட்டங்கியைக் காப்பாற்றினால் ஊர் பிழைத்துவிடும் என்று சொல்லமுடியாது. ஆனால் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். கால்வாயை முழுவதும் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீன் திரும்பி வந்திருக்குமா? நிலக்கரி வந்திருக்குமா? சகாலின் வியாபாரம் வந்திருக்குமா? வந்திருக்காது. லாரிகள் வேகமாகப் போயிருக்கும். அவ்வளவுதான். நிற்பதற்கு ஒரு காரணமும் இருந்திராது.

மூன்றாம் நம்பர் கிட்டங்கி

இப்போது புதிய சண்டைக்கு வருவோம்.

கால்வாயின் வடகோடியில் ஒரு டப்பாத் தொழிற்சாலை இருக்கிறது. மீனும் நண்டும் அடைக்கும் டப்பாக்களுக்காகத் தொடங்கியது. 1924-ல் அது தண்ணீரோரம் நான்கு மாடிக் கிட்டங்கி கட்டியது. கல் அல்ல, கான்கிரீட். அடுக்கிவைத்த டப்பாக்கள் சறுக்குப் பாதையில் சறுக்கிக் கீழே வரும். கால்வாயில் நிற்கும் படகில் ஏறும். 'மூன்றாம் நம்பர் கிட்டங்கி' என்பது அதன் பெயர்.

கட்டடம் பழசாகிவிட்டது. 2020-ல் அதை இடிக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஊர் மறுபடியும் விழித்துக்கொண்டது. ஆனால், இந்தத் தடவை நகரசபையும் மக்களும் எதிரெதிரே நிற்கவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். ஓராண்டு அவகாசம் கிடைத்தது. எப்படிப் பயன்படுத்தலாம் என்று கூடிக்கூடிப் பேசினார்கள். 2021-ன் முடிவில் கட்டடம் நகரசபையின் கைக்கு வந்தது.

அன்று மூடப் புறப்பட்ட நகரசபை, இன்று காக்கப் புறப்பட்டிருக்கிறது! 2025 பிப்ரவரியில் ஒட்டாருவின் கதை, ஜப்பான் நாட்டின் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஆனால், கையில் வாங்கியதோடு காரியம் முடியவில்லை. நூறு ஆண்டு வயதான கான்கிரீட்டைச் செப்பனிடப் பணம் வேண்டும். அது சுருங்கிவரும் ஊரின் வரிப்பணம். முதியவர்களுக்கு வைத்தியம் பார்க்கவும், தெருவில் பனி அள்ளவும் உள்ள அதே பணம். 'நமக்கு இது தேவையா?' என்று ஒரு ஒட்டாருக்காரர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

அதற்கு நல்ல பதில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்தக் கிட்டங்கியில் நடக்கும் வேலை, ஊர்ப்பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்தவேண்டும். இன்னொரு பரிசுப்பொருள் கடை திறந்தால் போதாது. படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்புகிறவருக்கு அது போதும். ஊரிலே குடியிருப்பவருக்குப் போதாது. கண்ணாடிப் பட்டறை போல, கையில் தொழிலுள்ளவர் வந்து உட்காரவேண்டும். இளைஞன் ஒருவன் அங்கே சம்பளம் வாங்கி, அந்த ஊரிலேயே வீடு பார்த்து, குடும்பம் நடத்தவேண்டும். அப்போதுதான் கிட்டங்கி பிழைத்தது என்று சொல்லலாம்.

தண்ணீரில் மிதக்கும் விளக்கு

1999 முதல் பிப்ரவரி மாதத்தில் ஒட்டாருவில் ஒரு விளக்குத் திருவிழா நடக்கிறது. வெளியே கடுங்குளிர். ஊரெங்கும் பனி. ஊர்மக்களும் தொண்டர்களும் பனியைக் குடைந்து, அதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கால்வாயிலும் விளக்குகள் மிதக்கின்றன.

எதிலே மிதக்கின்றன தெரியுமா? முன்பு மீன் வலையைத் தாங்கிய அதே கண்ணாடி உருண்டைகளில்! மீன் போய்விட்டது. வலை போய்விட்டது. உருண்டைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். "எதற்காக இருக்கவேண்டும்?" என்று வீட்டுக்காரர் கேட்டாரே, அதற்கு அவள் வாயால் பதில் சொல்லவேண்டியதில்லை. பெட்டியைத் துடைத்து, பிள்ளைகளின் புத்தகங்களை எடுத்து அதிலே அடுக்கட்டும். மறுநாள் காலையில் பையன் வந்து அதைத் திறப்பான். அதற்கு மேல் விறகுப் பேச்சு எழாது.